என்சைம் ரியாக்‌ஷனை மாஸ் ஸ்பெக்ல ஃபாலோ பண்றது எப்படி? முதல்முறை போறவங்களுக்கு

பேப்பர்ல "வினை எல்சி-எம்எஸ் மூலம் கண்காணிக்கப்பட்டது"னு ஒரே வரில எழுதிட்டுப் போயிடுவாங்க (எல்சி-எம்எஸ்னா கலவையைப் பிரிக்கிற எல்சியும், மாலிக்யூல்களை எடை வச்சு அடையாளம் காட்டற மாஸ் ஸ்பெக்கும் சேர்ந்த மெஷின்). அந்த ஒரு வரிக்குப் பின்னாடி எந்த பஃபர், எப்படி நிறுத்தினாங்க, எத்தனை இன்ஜெக்‌ஷன், யார்கிட்ட கையெழுத்து வாங்கினாங்க எதுவுமே இருக்காது. நான் இதெல்லாம் அங்க இங்க கேட்டு, ஆபரேட்டர்கிட்ட திட்டு வாங்கி, கொஞ்சம் கொஞ்சமா சேர்த்துக்கிட்டது, அதனால புதுசா வர்றவங்களுக்கு ஒரே இடத்துல இருக்கட்டும்னு எழுதறேன். முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன், மெஷின் ரூம்ல நடக்கறது கடைசி கால்வாசி வேலைதான், மீதி எல்லாம் உங்க பெஞ்ச்லயே முடிவாயிடும்.

உதாரணத்துக்கு அசிட்டைல்கோலினெஸ்டரேஸ் எடுத்துக்கறேன். அசிட்டைல்கோலினை உடைச்சு கோலினும் அசிட்டிக் ஆசிடும் ஆக்கும். வழக்கமா இதை எல்மன் முறைல பண்ணுவாங்க, அதாவது நிஜ சப்ஸ்ட்ரேட்டுக்கு (என்சைம் உடைக்கிற பொருளுக்கு) பதிலா அசிட்டைல்தயோகோலின் போட்டு, வர்ற மஞ்சள் கலரை 412 நானோமீட்டர்ல பார்ப்பாங்க. மூலிகை எக்ஸ்ட்ராக்ட் என்சைமைத் தடுக்குதான்னு பார்க்கிறவங்களுக்கு இதுல ஒரு தலைவலி இருக்கு, எக்ஸ்ட்ராக்டுக்கே கலர் இருக்கும், அது 412ல வந்து உக்காரும். மாஸ் ஸ்பெக்ல கலரைப் பத்திக் கவலை இல்ல, நிஜ சப்ஸ்ட்ரேட்டையே பார்க்கலாம். உங்க என்சைம் வேறயா இருந்தாலும் ஸ்டெப் எல்லாம் இதேதான்.

1. முதல்ல காகிதத்துல மாஸ் கணக்கு போடுங்க

சப்ஸ்ட்ரேட் எந்த அயனா வரும், ப்ராடக்ட் எந்த அயனா வரும்னு எழுதிக்கோங்க. அசிட்டைல்கோலின் எம்/இசட் (மாஸை சார்ஜால வகுத்தது) 146.12, கோலின் 104.11. ரெண்டுக்கும் நைட்ரஜன்ல நிரந்தர பாசிட்டிவ் சார்ஜ் இருக்கு, அதனால பாசிட்டிவ் மோடுல எலக்ட்ரோஸ்ப்ரே (கரைசலை சார்ஜோட தெளிச்சு அயனாக்கறது) போட்டா அள்ளிக்கிட்டு வரும். உங்க மாலிக்யூல்ல அப்படி சார்ஜ் இல்லன்னா புரோட்டான் சேர்ந்த பீக் மட்டுமில்லாம சோடியம் சேர்ந்த பீக்கையும் தேடணும், அது புரோட்டான் பீக்ல இருந்து 22 தள்ளி நிக்கும், பொட்டாசியம் 38 தள்ளி. சாம்பிளுக்கு சாம்பிள் உப்பு மாறினா இந்தப் பீக்குகளுக்குள்ள பங்கு மாறிடும், அப்போ ஒரே ஒரு பீக்கை மட்டும் அளந்தா ரியாக்‌ஷன் வேகம் மாறின மாதிரி தெரியும். ஆனா நிஜத்துல மாறினது உப்பு.

அப்புறம் அதே மாஸ்ல வேற யாரு வருவாங்கன்னும் பாருங்க. சுத்தமான என்சைம்னா பிரச்சினை இல்ல. மூளைத் திசு எக்ஸ்ட்ராக்ட் எல்லாம்னா உஷார், காபாவும் டைமெத்தில்கிளைசினும் 104.07ல வரும், சாதா குவாட்ரபோல் மெஷினுக்கு (தசம வித்தியாசம் தெரியாத வகை) கோலினும் அதுவும் ஒண்ணுதான். அதைவிட மோசம் காமா-பியூட்டிரோபீட்டெய்ன். அசிட்டைல்கோலினோட அதே ஃபார்முலா, மெஷினுக்குள்ள 146 உடைஞ்சு 87 ஆகறதும் அதேதான், அதனால எவ்ளோ விலை மெஷினா இருந்தாலும் மாஸை வச்சுப் பிரிக்கவே முடியாது, எல்சியோட காலம்தான் (column, கலவையைப் பிரிக்கிற குழாய்) பிரிக்கணும்.

2. புக்கிங்கை இப்பவே போடுங்க, சாம்பிள் ரெடியான பிறகு இல்ல

சொந்த லேப்ல மெஷின் இருக்கிறவங்க இதைத் தாண்டிப் போயிடலாம். மத்தவங்க சைஃப் (அரசு உதவியோட நடக்கிற கருவி மையங்கள்) மாதிரி பொது வசதிகளையோ, பக்கத்து யூனிவர்சிட்டி கருவி மையத்தையோதான் நம்பி இருப்போம். எந்த ஊர்ல என்ன மெஷின் இருக்குன்னு ஐ-ஸ்டெம்ங்கிற அரசு கருவிப் போர்ட்டல்ல தேடலாம், ஸ்லாட்டும் அங்கயே கேட்கலாம்.

ஃபோன் பண்ணி முதல்ல கேட்க வேண்டியது: எல்சி சேர்ந்த மெஷினா, இல்ல நேரா ஊசி மட்டுமா? என்ன காலம் வச்சிருக்காங்க, நம்ம காலத்தைப் போட விடுவாங்களா? ஆட்டோசாம்ப்ளர் 4 டிகிரில நிக்குமா? ஒரே நாள்ல தொடர்ச்சியா விடுவாங்களா, இல்ல "சாம்பிளைக் கொடுத்துட்டுப் போங்க, மெயில்ல பிடிஎஃப் வரும்" டைப்பா? கடைசி டைப்னா என்சைம் வேலைக்கு அது ஆகவே ஆகாதுன்னு நான் சொல்வேன். பிடிஎஃப்ல ஒரு ஸ்பெக்ட்ரம் படம் இருக்கும், உங்களுக்கு வேணும்கிறது பீக்கோட ஏரியா நம்பர்.

பேப்பர் வேலை: ரிக்விசிஷன் ஃபார்ம், கைடு கையெழுத்து, துறைத்தலைவர் சீல், உங்க ஐடி கார்டு காப்பி, பணம் கட்டின ரசீது. ஃபார்ம்ல சாம்பிள் விவரம் கேட்பாங்க, ஃபார்முலா, மாஸ், எந்த சால்வென்ட், எவ்ளோ செறிவு, விஷமா இல்லையான்னு. "என்சைம் சாம்பிள்"னு மட்டும் எழுதினா திருப்பி அனுப்பிடுவாங்க, எனக்கு ஒரு இடத்துல அதுதான் நடந்தது, ஒரு வார்த்தைக்காக ஸ்லாட்டு போய் அடுத்த மாசம்தான் கிடைச்சது. "புரதம் நீக்கப்பட்டது, 75% அசிட்டோநைட்ரைல், ஆவியாகும் பஃபர் மட்டும், டிடர்ஜென்ட் இல்லை"னு தெளிவா எழுதிடுங்க, ஆபரேட்டருக்கு மனசு நிம்மதி. கோலினெஸ்டரேஸை நிறுத்தற மருந்து எதாவது சோதிக்கிறீங்கன்னா அதோட பாதுகாப்பு ஷீட்டையும் சேர்த்து வைங்க.

செலவைப் பொறுத்தவரை சாம்பிளுக்கு இவ்ளோன்னு வாங்கறாங்களா, மணிக்கு இவ்ளோன்னான்னு கேளுங்க. என்சைம் வேலைல இன்ஜெக்‌ஷன் எண்ணிக்கை ஏறிக்கிட்டே போகும், அதனால பெரும்பாலும் மணிக்கணக்குதான் லாபம். கணக்கு இப்படி: டைம் பாயின்ட் 8, மூணு முறை, ஆக 24. என்சைம் போடாத கன்ட்ரோல் 6. காலிபரேஷன் 6 அளவு, ரெண்டு தடவை, 12. நடுநடுவே பிளாங்க் (சாம்பிள் இல்லாத வெறும் கரைசல்) 8, தரம் பார்க்க ஒரே சாம்பிளைத் திரும்பத் திரும்ப 5, ஆரம்பத்துல காலம் செட் ஆக 5. மொத்தம் 60. ஒண்ணுக்கு 6 நிமிஷம்னா 6 மணி நேரம், காலம் சமநிலைக்கு வர இன்னொரு மணி. அதாவது ஒரே ஒரு கர்வுக்கு ஒரு முழு நாள். அரசு கல்லூரி, தனியார் கல்லூரி, கம்பெனின்னு ரேட் வேற வேறயா இருக்கும், பெரும்பாலும் 18% ஜிஎஸ்டியும் மேல போடுவாங்க, ப்ராஜெக்ட் பட்ஜெட் எழுதும்போது அதை விட்டுடாதீங்க.

3. பஃபர்: இங்கதான் நிறைய பேர் விழறாங்க

பாஸ்பேட், டிரிஸ், ஹெபெஸ், உப்பு, இதெல்லாம் என்சைமுக்குப் பிடிக்கும், மாஸ் ஸ்பெக்குக்குப் பிடிக்காது. ஆவியாகாத உப்பு மெஷின் சோர்ஸ்ல (அயன் உருவாகற இடத்துல) வெள்ளையாப் படியும், சிக்னலை அமுக்கும். டிரிஸ் 122ல பெருசா வந்து நிக்கும். டிரைட்டான் மாதிரி டிடர்ஜென்ட் இன்னும் கொடுமை, 44 இடைவெளில வரிசையா பீக்கு வரும், ஒருதடவை போனா நாள் கணக்குல வெளிய வராது, அடுத்து புக் பண்ணினவங்க உங்க பேரைச் சொல்லித் திட்டுவாங்க.

அதனால எல்லாரும் சொல்ற பதில் அம்மோனியம் அசிட்டேட். சரிதான், ஆனா அதுல ஒரு விஷயம் இருக்கு. அம்மோனியம் அசிட்டேட் பிஎச் 7ல நிஜமான பஃபரே இல்ல. அது தாங்கிப் பிடிக்கிற இடம் 4.75 பக்கமும் 9.25 பக்கமும்தான், நடுவுல 7ல சும்மா நிக்குது. நம்ம ரியாக்‌ஷன் அசிட்டிக் ஆசிட் வேற விடுது. 20 மில்லிமோலார் அம்மோனியம் அசிட்டேட்ல 1 மில்லிமோலார் சப்ஸ்ட்ரேட் முழுசா உடைஞ்சா பிஎச் 7ல இருந்து கிட்டத்தட்ட 6க்கு இறங்கிடும், இந்த என்சைம் அங்க ரொம்ப மந்தமாயிடும். கர்வு வளைஞ்சு படுக்கும், நீங்க ப்ராடக்ட் தடுக்குதுன்னு தீசிஸ்ல எழுதிடுவீங்க. 100 மைக்ரோமோலார் எடுத்து முதல் 10% மட்டும் பார்த்தீங்கன்னா பிஎச் அசையாது, அப்போ ஓகே.

எனக்கு இந்த என்சைமுக்கு அம்மோனியம் பைகார்பனேட் 20 மில்லிமோலார்தான் பிடிச்சது, கரைச்சாலே 7.8 பக்கத்துல நிக்கும். கார்பன் டை ஆக்ஸைடு போகப் போக பிஎச் ஏறும், அதனால அன்னன்னைக்குக் கலக்குங்க, நேத்து பாட்டில் வேண்டாம். ஃபார்மிக் ஆசிட் பட்டதும் பொடிப் பொடியா குமிழி விடும், உடனே மூடி போட்டு ஆட்டோசாம்ப்ளர்ல வைக்காம குமிழி அடங்க விடுங்க, இல்லன்னா ஊசி காத்தை உறிஞ்சிடும்.

டிரிஸ்ல மட்டும்தான் என் என்சைம் வேலை செய்யும்னா, செய்யட்டும். செறிவை 10 மில்லிமோலாருக்குள்ள வச்சு, காலம் போட்டு, முதல் ஒரு நிமிஷம் வர்றதை வால்வு திருப்பி கழிவுக்கு விடச் சொல்லுங்க, ஆனா டிரிஸ் உங்க காலத்துல எந்த நிமிஷத்துல வருதுன்னு முதல்ல ஒருதடவை பார்த்துக்கோங்க. பாஸ்பேட் மட்டும் வேண்டாம், அசிட்டோநைட்ரைல் சேர்த்ததும் உப்பாப் பிரிஞ்சிடும்.

4. என்சைம் எவ்ளோ போடணும்

பாக்கெட்ல யூனிட் போட்டிருக்கும். 1 யூனிட்னா நிமிஷத்துக்கு 1 மைக்ரோமோல். ஒரு மில்லில 1 யூனிட் போட்டா முழு வேகத்துல நிமிஷத்துக்கு 1000 மைக்ரோமோலார் காலி. நீங்க வச்சிருக்கிறதே 100 மைக்ரோமோலார்தான், அப்போ முதல் சாம்பிள் எடுக்க பிப்பெட்டைத் தூக்கறதுக்குள்ள ரியாக்‌ஷன் முடிஞ்சிருக்கும். மின்சார விலாங்குல இருந்து எடுத்த என்சைமுக்கு கேஎம் 100 மைக்ரோமோலார் பக்கம், அந்தச் செறிவுல பாதி வேகம். ஒரு மில்லிக்கு 0.002 யூனிட் போட்டா நிமிஷத்துக்கு சுமார் 1 மைக்ரோமோலார், 10 நிமிஷத்துல 10%. இதுதான் வேணும். பாக்கெட்ல சொல்ற யூனிட் 37 டிகிரி, பிஎச் 8க்கு, நீங்க ஏசி ரூம்ல 25ல பண்ணினா இன்னும் குறையும், ஒரு சின்ன டிரையல் போட்டு சரி பண்ணிக்கோங்க.

இவ்ளோ நீர்க்கும்போது என்சைம் டியூப் சுவர்லயே ஒட்டிக்கும், அதனால நீர்க்கிற பஃபர்ல ஒரு மில்லிக்கு 0.1 மில்லிகிராம் பிஎஸ்ஏ (மாட்டு சீரம் அல்புமின், சுவரை மூடற புரதம்) சேர்த்துக்கோங்க, பின்னாடி அது வண்டலாப் போயிடும். நல்ல விஷயம் என்னன்னா, மில்லிக்கு 1000 யூனிட் ஸ்டாக்ல இருந்து இங்க வர 5 லட்சம் மடங்கு நீர்க்கிறோம், ஸ்டாக்ல இருக்கிற கிளிசரால், உப்பு எதுவும் மிச்சம் இருக்காது. மெதுவான என்சைம் வச்சிருக்கிறவங்களுக்கு இந்த அதிர்ஷ்டம் இல்ல, ஸ்டாக்கை 10 மடங்குதான் நீர்ப்பீங்க, 50% கிளிசரால் 5% ஆ வந்து உக்காரும். அவங்க ஸ்பின் ஃபில்டர்லயோ சின்ன டீசால்ட்டிங் காலத்துலயோ பஃபர் மாத்திட்டுத்தான் ஆரம்பிக்கணும்.

5. நிறுத்தறது

ஒவ்வொரு டைம் பாயின்ட்டுக்கும் ஒரு டியூப்ல 150 மைக்ரோலிட்டர் அசிட்டோநைட்ரைல், 0.2% ஃபார்மிக் ஆசிட் சேர்த்து, முன்னாடியே ஐஸ்ல வரிசையா வச்சிடுங்க, மூடி திறந்தே இருக்கட்டும். நேரம் வந்ததும் ரியாக்‌ஷன்ல இருந்து 50 மைக்ரோலிட்டர் எடுத்து அதுல இறக்கி, பிப்பெட்டாலயே மேலயும் கீழயும் இழுத்து விட்டு மூடுங்க. 0, 1, 2, 4, 6, 8, 10, 15 நிமிஷம் எனக்குப் போதுமா இருந்தது. மூணு செட்டை 20 செகண்ட் தள்ளித் தள்ளி ஆரம்பிச்சா ஒரே ஆள் சமாளிக்கலாம், ஆனா பக்கத்துல ஒருத்தர் நேரம் சொல்ல இருந்தா சொர்க்கம். அப்புறம் 4 டிகிரில 14,000 ஆர்பிஎம், 10 நிமிஷம் சுத்தி, மேல இருக்கிறதை மட்டும், அடியைக் கலக்காம, 100 மைக்ரோலிட்டர் எடுங்க.

டிரைகுளோரோ அசிட்டிக், பெர்குளோரிக் ஆசிட் எல்லாம் பழைய புரோட்டோகால்ல இருக்கும், தொடாதீங்க. டிஎஃப்ஏவும் (டிரைஃப்ளூரோ அசிட்டிக் ஆசிட்) சிக்னலை அமுக்கும்.

உள் ஸ்டாண்டர்டு (எல்லா சாம்பிள்லயும் ஒரே அளவு போடற ஒப்பீட்டுப் பொருள்) இந்த நிறுத்தற கரைசல்லயே இருக்கணும். டி9-கோலின் (ஒன்பது ஹைட்ரஜனுக்குப் பதிலா டியூட்டீரியம் போட்ட கோலின்), எம்/இசட் 113. விலை கூடதான், ஆனா ஒரு சின்ன பாட்டில் வருஷக்கணக்கா வரும். கோலின் மாதிரியே நடந்துக்கும், அதனால பிப்பெட் தப்பு, சிக்னல் ஏற்ற இறக்கம் எல்லாம் விகிதத்துல அடிபட்டுப் போயிடும். விலை பார்த்து சிலர் டெட்ராஎத்தில்அம்மோனியம் போடச் சொல்வாங்க, அது இந்த என்சைமையே தடுக்கிற வகை, ரியாக்‌ஷன்குள்ள தப்பித் தவறியும் போடக்கூடாது, மெஷினை விட்டும் சீக்கிரம் போகாது.

6. கன்ட்ரோல் இல்லாம கிளம்பாதீங்க

நிஜமான பூஜ்யம் எதுன்னா, நிறுத்தற கரைசலை முதல்ல போட்டு, சப்ஸ்ட்ரேட் போட்டு, கடைசியா என்சைம் போட்டது. "சீக்கிரமா எடுத்துட்டேன், அதான் பூஜ்யம்"னு யாரும் ஏத்துக்க மாட்டாங்க. பூஜ்யத்துலயே கோலின் கொஞ்சம் இருக்கும், பயப்படாதீங்க, வாங்கற அசிட்டைல்கோலின்லயே சிறிது கலந்திருக்கும். அது எவ்ளோன்னு தெரிஞ்சு கழிக்கணும், அவ்ளோதான்.

அடுத்தது என்சைமே இல்லாதது, 15 நிமிஷமும் வச்சு. அசிட்டைல்கோலின் காரத்துல தானாவே உடையும், பிஎச் ஏற ஏற வேகமா. ஸ்டாக்கை அதனால பிஎச் 4 பக்கம், ஃப்ரீசர்ல வைங்க. மூணாவது, நிறுத்தின சாம்பிள் ஒண்ணையே ரன் ஆரம்பத்துலயும் 6 மணி நேரம் கழிச்சும் போட்டுப் பாருங்க, நம்பர் ஏறியிருந்தா நீங்க நிறுத்தினதா நினைச்சது நிக்கல.

எக்ஸ்ட்ராக்ட் சோதிக்கிறவங்களுக்கு இன்னொண்ணு கட்டாயம்: என்சைம் இல்லாம, தெரிஞ்ச அளவு கோலினை எக்ஸ்ட்ராக்டோட சேர்த்து ஓட்டுங்க. கோலின் பீக் குறைஞ்சா எக்ஸ்ட்ராக்ட் அமுக்கினது அயனாக்கத்தை, என்சைமை இல்ல. கர்வைப் பார்த்தா ரெண்டும் ஒரே மாதிரிதான் தெரியும், இது போடாம "தடுப்பு 60%"னு எழுதினா அது எதோட 60%னு யாருக்கும் தெரியாது.

7. காலமா, நேரடி ஊசியா

சி18 காலத்துல கோலின் நிக்கவே நிக்காது, உப்போட சேர்ந்து முதல்லயே ஓடிடும். ஹிலிக் காலம் (தண்ணியோட ஒட்டற மாலிக்யூலைப் பிடிச்சு வைக்கிற வகை) வேணும், அசிட்டோநைட்ரைலும் அம்மோனியம் ஃபார்மேட்டும். நம்ம சாம்பிள் ஏற்கனவே 75% அசிட்டோநைட்ரைல்ல இருக்கிறதால நேரா போடலாம், தண்ணில இருந்தா பீக்கு உடைஞ்சு ரெண்டு தலையா வரும். ஹிலிக் சமநிலைக்கு வர நேரம் எடுக்கும், முதல் நாலஞ்சு இன்ஜெக்‌ஷனைக் கணக்குல எடுக்காதீங்க. முடிஞ்சா காலம் சொந்தமா வாங்கிடுங்க, பொதுக் காலத்துல முந்தினவங்க என்ன ஓட்டினாங்கன்னு யாருக்குத் தெரியும்.

நிறுத்தாம நேரா பார்க்கணும்னா 250 மைக்ரோலிட்டர் கண்ணாடி ஊசில ரியாக்‌ஷனை எடுத்து, பம்ப்ல வச்சு, நிமிஷத்துக்கு 5 மைக்ரோலிட்டர் தள்ளலாம். 146 இறங்கறதும் 104 ஏறறதும் கண் முன்னாடியே ஸ்கிரீன்ல தெரியும், அழகா இருக்கும். ஆனா குழாய் கொள்ளளவு பாருங்க: 0.127 மில்லிமீட்டர் துளை, 50 சென்டிமீட்டர் நீளம்னா 6 மைக்ரோலிட்டருக்கு மேல, அதாவது முதல் 75 செகண்ட் உங்களுக்குத் தெரியவே தெரியாது. சிலர் அந்த 75 செகண்டை நேரத்துல இருந்து கழிச்சிடுவாங்க, அது தப்பு. குழாய்க்குள்ள போகும்போதும் ரியாக்‌ஷன் நடந்துக்கிட்டேதான் இருக்கு, கலந்த நேரத்துல இருந்துதான் எண்ணணும். இந்த வழிக்கு ஆவியாகும் பஃபர் மட்டும்தான், பிஎஸ்ஏவும் கூடாது.

மால்டி மெஷின் (சாம்பிளை மேட்ரிக்ஸ்ங்கிற பொருளோட கலந்து லேசர் அடிக்கிறது) காலியா இருக்குன்னு யாராவது சொன்னா, இந்தச் சைஸ் மாலிக்யூலுக்கு வேண்டாம், மேட்ரிக்ஸ் பீக்கே அந்த இடத்தை நிரப்பிடும்.

8. பீக் உயரம் அளவு இல்ல

104 பீக்கும் 146 பீக்கும் சமமா வந்தா பாதி முடிஞ்சதுன்னு அர்த்தம் இல்ல. ஒரே செறிவுலயே ரெண்டும் வேற வேற உயரம் வரும். காலிபரேஷனுக்கு ரெண்டையும் கலந்து, மொத்தம் எப்பவும் 100 மைக்ரோமோலார் இருக்கிற மாதிரி, கோலின் 0, 2, 5, 10, 20, 40னு செய்யுங்க, அதே பஃபர், அதே பிஎஸ்ஏ, அதே நிறுத்தற கரைசல். அப்போதான் ஒண்ணு இன்னொண்ணை அமுக்கறதும் சேர்ந்தே கணக்குல வரும்.

அசிட்டைல்கோலின் சிக்னல் அதிகமாகி டிடெக்டர் முட்டிக்கிட்டு நின்னா 147ஐ எடுங்க, அது கார்பன்-13 பீக்கு, 146ல சுமார் 8%, பாதுகாப்பான உயரம். கடைசில சப்ஸ்ட்ரேட்டும் ப்ராடக்டும் கூட்டினா எல்லா டைம் பாயின்ட்லயும் 100 பக்கம் வரணும். 10%க்கு மேல ஆடினா வேகம் கணக்குப் போட உக்காராதீங்க, முதல்ல எது காணாமப் போகுதுன்னு தேடுங்க.

9. மெஷின் நாள்

வரிசை: பிளாங்க், காலிபரேஷன் குறைஞ்சதுல இருந்து கூடினது, பிளாங்க், அப்புறம் சாம்பிள், சாம்பிளை மட்டும் கலைச்சுப் போடுங்க, நேர வரிசைல வேண்டாம். மெஷின் மெதுவா சிக்னல் இழந்துக்கிட்டே வந்தா அதுவே ஒரு கர்வு மாதிரி தெரியும். கோலின் வகையறா குழாய்ல ஒட்டிக்கும், அதனால பத்துக்கு ஒரு பிளாங்க்.

கையோட கொண்டு போக வேண்டியது: எல்சி-எம்எஸ் தர அசிட்டோநைட்ரைல், தண்ணி, சொந்த வையல், இன்சர்ட். சோப்புல கழுவின கண்ணாடி பாட்டில் வேண்டாம், பாராஃபிலிம் சுத்தாதீங்க. 391.28ல பெருசா ஒரு பீக் எல்லா சாம்பிள்லயும், பிளாங்க்லயும் வந்தா அது உங்க கண்டுபிடிப்பு இல்ல, பிளாஸ்டிக் இளக்கி.

10. டேட்டாவை எடுத்துட்டு வரும்போது

ரா ஃபைலோட மெத்தட் ஃபைல், டியூன் ரிப்போர்ட், சீக்வென்ஸ் லிஸ்ட் நாலையும் கேட்டு வாங்குங்க, ரிவ்யூவர் ஆறு மாசம் கழிச்சு கேட்கும்போது அங்க பழைய டேட்டா அழிஞ்சிருக்கும். ரா ஃபைல் கம்பெனி ஃபார்மட்ல இருக்கும், உங்க லேப்டாப்ல திறக்காது. புரோட்டியோவிசார்ட்ல வர்ற எம்எஸ்கன்வர்ட் இலவசம், அதுல எம்இசட்எம்எல்லா மாத்திட்டா மத்த இலவச சாஃப்ட்வேர்ல திறக்கலாம். பென் டிரைவ் வைரஸ் பயத்துல நிறைய இடத்துல உள்ள விட மாட்டாங்க, சிடியா, டிரைவ் லிங்க்கான்னு காலைலயே கேட்டுடுங்க, சாயங்காலம் அஞ்சரைக்கு ஆபரேட்டர் பையை மாட்டிக்கிட்டு நிக்கும்போது கேட்டா வேலை ஆகாது.